டிம்மர்மான் வீட்டுக் காற்று

வில்ஃப்ரீட் டிம்மர்மானுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஜன்னல் நம்பிக்கை உண்டு. காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஆறு. பனி கொட்டினாலும் சரி, ஜெர்மனியின் காசெல் நகரத்து அந்த இரண்டாம் மாடி வீட்டின் ஐந்து ஜன்னல்களும் பத்து நிமிடம் அகலத் திறந்து கிடக்கும். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடித்துவிடுமாம்; அந்த நாட்டில் இது எல்லா வீட்டுக்கும் பொது வேதம். இருபது வருஷத்துக்கு முன் மனைவி, "இந்த வீட்ல குளிர் தாங்கல" என்று சொல்லிப் பிரிந்து போனாள். ஏதோ மனக்கசப்பை உவமையாகச் சொன்னாள் என்றுதான் இன்றுவரை அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஓய்வு பெற்ற நில அளவைக்காரருக்குத் துணை வேண்டியிருந்தது. ஜனவரியில் விலங்குக் காப்பகத்திலிருந்து மூட்சி என்ற சாம்பல் பூனையை எடுத்து வந்தார். கூடவே நாலு பக்கக் குறிப்பு: துரத்தாதீர்கள், தானாக வரும்வரை காத்திருங்கள். மூன்று வாரத்தில் ஆள் வந்து பார்ப்போம். பழகவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்வோம்.

டிம்மர்மான் எழுத்துப் பிசகாமல் செய்தார். ஜன்னல்களுக்கு வலைகூட அடித்தார். தரையில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்துக் காட்டினார். மூட்சியோ வந்த நாள் முதலாக அலமாரிக்குப் பின்னால் வெந்நீர்க் குழாயை ஒட்டிக்கொண்டு கிடந்தது. பழைய வீட்டில் யாரோ கொடுமைப்படுத்தியிருக்கிறார்கள் என்று அவர் முடிவுகட்டினார்.

இருபதாம் நாள் மதியம், சரியாக ஜன்னல் வேளையில், கீழ்வீட்டு கெர்லிண்ட ஆப்பிள் கேக்கோடு வந்தாள். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"நாளைக்கு வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க, கெர்லிண்ட. என்னை அதுக்குப் பிடிக்கல."

"உன்னை யாருக்குப் பிடிக்கும், அது வேற கதை. நானே கோட்டோட உக்காந்திருக்கேன் பாரு. அது தோலோட தைச்ச கம்பளி போட்டு வந்திருக்கு, அதுக்கே பத்தல."

"காத்து வர வேணாமா?"

"காத்து வரும், பூனை வராது. ரெண்டுல எது வேணும்னு பாத்துக்கோ."

அன்று மாலை ஆறுக்கு அவர் கை தானாக ஜன்னல் கைப்பிடிக்குப் போனது. அந்தக் கையைப் பிடித்து இழுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். ஏழு மணிக்கு அலமாரியின் பின்னிருந்து மீசை எட்டிப் பார்த்தது. எட்டுக்கெல்லாம் அவர் மடியில் நாலு கிலோ. கால் மரத்துப்போனது. மரத்த காலையும் அவர் அசைக்கவில்லை.

மறுநாள் காப்பகத்து ஹோல்ஸ்ட் அம்மையார் வந்தபோது கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. மூட்சி சோபாவில் வயிற்றைக் காட்டிக் கிடந்தது. அம்மையார் திருப்தியாகப் பேனாவைத் திறந்தார். பிறகு மூக்கைச் சுளித்தார்.

"மூச்சு முட்டுதே! கொஞ்சம் ஜன்னலைத் திறக்கிறேன்."

டிம்மர்மான் குறுக்கே போய் நின்றார். "தொடாதீங்க மேடம்."

"சுவர்ல பூஞ்சணம் பிடிக்குமே!"

"பிடிக்கட்டும். நீங்க கையெழுத்தைப் போடுங்க."

தேசத் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே அம்மையார் கையெழுத்துப் போட்டார். இறங்கும்போது மாடிப்படியில் கெர்லிண்டவைக் கண்டு குரலைத் தாழ்த்தினார்:

"பூனை நல்லாத்தான் இருக்கு. அந்த மனுஷரை யாராவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."