அடிக்குறிப்பில் முப்பத்தொரு பேர்

தொழிலாளர் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் ஒரு காலத்தில் ஆறு பேர் இருந்தார்கள். கணினி வந்தபிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, மிஞ்சியது அவள் மட்டும். ஐம்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் இருந்தவரை அவர் வீட்டில் இருந்தாள். அவர் போனபின், அண்ணி முகம் சுளிப்பதற்குள் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பார்த்துக்கொண்டாள். அலுவலகத்தில் அவளுக்கு 'விபத்தக்கா' என்று பேர்.

நாடு முழுவதிலிருந்தும் விபத்துப் படிவங்கள் அவள் மேஜைக்குத்தான் வரும். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர், இயந்திரத்தில் கை போனவர், கழிவுத் தொட்டிக்குள் மூச்சு முட்டியவர் என்று வகை பிரித்துப் பட்டியலில் ஏற்றுவாள். மூன்று வருடமாகச் சாவு எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவளுக்கு மட்டும் உறுத்தியது. காயம்பட்டவர்கள் குறையவில்லையே, சாவு மட்டும் எப்படிக் குறையும்?

முன்பெல்லாம் விபத்து நடந்து இரண்டு மாதம் கழித்துப் படிவம் வரும். மூன்று வருடத்துக்கு முன் அதைப் பத்து நாளாகச் சுருக்கினார்கள். 'சிகிச்சையில் இருக்கிறார்' என்று எழுதப்பட்டவர் அப்புறம் என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், படிவத்திலிருந்த ஓர் எண்ணுக்குப் போன் செய்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க வீட்டுக்காரர் இப்ப எப்படிம்மா இருக்காரு?"

"அவரு போய் நாப்பது நாளாச்சுங்க. ஆபீஸ்லேருந்து கேக்குற மொத ஆளு நீங்கதான்."

படிவத்தின் ஓரத்தில் 'இறந்தார்' என்று எழுதிக்கொண்டாள்.

அதற்குப்பின் மதிய வேளையெல்லாம் போனில் கழிந்தது. அந்த வருடம் 'சிகிச்சையில்' என்று வந்த நானூறு பேரின் வீடுகளைக் கூப்பிட்டாள். முப்பத்தொரு பேர் இறந்திருந்தார்கள்.

பட்டியலைப் பார்த்த இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கள யாரும்மா கூப்பிடச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

"மூணு வருஷமா இப்படித்தான் எண்ணியிருக்கோம். இப்ப மட்டும் சேத்தா, ஒரே வருஷத்துல ஏறிட்ட மாதிரி தெரியுமே."

"ஏறலை சார். இறங்கவே இல்லை."

அவர் இரண்டு நாள் கழித்து, அட்டவணையில் கைவைக்காமல் கீழே அந்த முப்பத்தொரு பேரைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு போடச் சம்மதித்தார். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவுக்குப் பொடி எழுத்தில் அறிக்கையில் அது வந்தது. செய்தித்தாள்கள் எல்லாம் 'சாவு குறைந்தது' என்றே போட்டன. அலுவலகத்திலும் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

புது வருடத்துப் படிவக் கட்டு வந்ததும் அவள் மறுபடி போனை எடுத்தாள். இந்தமுறை காயம்பட்டவரே பேசினார்.

"ரெண்டு விரல் போச்சு, ஆளு இருக்கேன். பகல் பூரா வீட்ல சும்மாதான். பேச ஒரு நாதி இல்ல. உங்களுக்கு அவசரமா?"

'உயிருடன்' என்று குறித்துவிட்டு அடுத்த படிவத்தை எடுக்கப் போனவள், கையை இழுத்துக்கொண்டாள்.

"அவசரமில்லைங்க, சொல்லுங்க," என்றாள்.