சலோமி அக்கா சொல்லாத ஆமென்

“ஆமாம் ஐயா, அவர் சொன்னது என் காதில் விழுந்தது” என்று அன்று நான் சொல்லவில்லை. சலோமி அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

செய்தி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அக்காவின் ஊரான தோணிரேவிலிருந்து அவர் தங்கை பேசினாள். “அக்கா பூட்டுச்சு. மஞ்சக்காமாலைன்னாங்க. நாலே நாளு. சாயந்தரம் எடுக்குறோம், வர்றியா?” வருகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு, துவைத்திருந்த துணிகளைக் காயப்போட்டேன். அழுகை வரவில்லை. அடக்கத்தின்போதும் வரவில்லை.

திருச்சபை நடத்தும் எங்கள் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறையில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். பழவேற்காடு ஏரியின் உப்பு ஏறி இறங்குவதையும் இறால் வரத்தையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் முதுகலை மாணவி. அந்த ஏரியோரப் பசியாவரத்துக்காரி என்பதால் துணைக்கு அழைத்துப் போவார். முதல் நாள் படகுக்காரர் எங்களை ஏற்ற மறுத்தார்.

“பொம்பள ஏறுனா வலையில ஒண்ணும் மாட்டாதும்மா.”

“போன வாரம் நான் ஏறலியே நைனா. இன்னா வாரிக்கினு வந்தே?” என்று கேட்டார் அக்கா.

கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். படகுக்காரரும் சிரித்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார். பிறகு எப்போதும் அந்தப் படகுதான்.

துறையில் அப்படி இடம் விட யாருமில்லை. கூட்டம் என்றால் தேநீர் ஊற்றுவது பெண் ஆய்வாளர்கள் வேலை. ஒருநாள் இடுப்புவரை நனைந்த சுடிதாரோடு, தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு அக்கா ஆய்வகத்துக்குள் வந்தார். துறைத் தலைவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: “என்ன சிஸ்டர், ஞானஸ்நானம் வாங்கிட்டு வர்றீங்களா? கொஞ்சம் திரும்புங்க, முழுசா நனைஞ்சிருக்கான்னு பார்ப்போம்.” ஆண்கள் சிரித்தார்கள். அக்கா புட்டிகளை மேசைமேல் வைத்தார். “உப்பு அளவு சொல்லட்டுமா சார், இல்ல இன்னும் பாக்கணுமா?”

மறுநாள் புகார் எழுதினார். சாட்சியாக என் பெயரைப் போடலாமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன்.

விசாரணைக் குழுவில் நான்கு ஆண்கள், ஒரு விடுதிக் காப்பாளர் அம்மா. குழுத் தலைவர் ஒரு போதகர். பெண் பிள்ளைக்குச் சளி பிடிக்குமே என்று தகப்பனைப்போல் கேட்டதாகத் துறைத் தலைவர் சொன்னார். போதகர் என் பக்கம் திரும்பினார். “நீ என்னம்மா கேட்டே?” அந்தத் துறையிலேயே ஆய்வுக்குச் சேர நான் விண்ணப்பித்திருந்தேன்.

“சரியா காதுல விழலங்க ஐயா.”

ஜெபிப்போம் என்று போதகர் எழுந்தார். தவறாகப் புரிந்துகொண்ட மகளுக்கும், அக்கறையோடு பேசிய ஊழியனுக்கும் ஆண்டவர் சமாதானம் தர வேண்டும் என்று ஜெபித்தார். எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

“நீயும் ஆமென் சொல்லும்மா” என்றார் காப்பாளர், அக்காவைப் பார்த்து.

அக்கா கண்ணை மூடவே இல்லை. “இது ஜெபமில்லீங்க, தீர்ப்பு. ஜெபமா இருந்தா சொல்லுவேன்.”

சுமுகமாக முடிந்ததென்று எழுதிக்கொண்டார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். “உன்ன இழுத்துவுட்டது என் தப்புடி. சாப்ட்டியா?” என்று கேட்டார். அதன் பிறகு அவருக்கு ஆய்வு வழிகாட்டியாக இருக்க அங்கே யாரும் ஒப்பவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர் சோதிக்கும் வேலைக்குப் போனார். கடைசிவரை அந்த வேலைதான்.

அவருடையது என்று என்னிடம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் விட்டுப்போன ஆய்வு மாணவர் இடம் அந்த ஜூன் மாதம் எனக்குக் கிடைத்தது. அதே துறைத் தலைவர்தான் வழிகாட்டி. நான் சேர்ந்தேன்.