அக்காவின் கையளவுக்கு ஒரு கைப்பிடி

ஊசியையும் கத்தரிக்கோலையும் விட்டால் என் அத்தானுக்கு வேறு இரும்போடு சகவாசம் கிடையாது. ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் சுவரைப் பெயர்த்துவைப்பார். அப்படிப்பட்ட தையல்காரர் ஒருநாள் வெல்டிங் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். பக்கத்து வீட்டில் இருக்கும் நான் மதிலோரம் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.

எல்லாம் என் அக்காவுக்காகத்தான். பின்வாசல் படியில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. முற்றத்தில் செடி, துணிக்கொடி, மதில்மேல் என்னோடு வம்பு என்று இருந்தவள் ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டாள். அதைவிடக் கொடுமை, அத்தானைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். "முடிஞ்சா கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?" என்று விருந்தாளி மாதிரி கேட்பாள். கல்யாணமான நாளிலிருந்து வசவு கேட்டே பழகிய மனிதரால் அதைத் தாங்க முடியவில்லை.

படிக்குக் கைப்பிடி வைக்கலாம் என்று முதலில் வெல்டிங் பட்டறைக்காரரைத்தான் கூப்பிட்டார். வந்தவர் டேப்பை வெளியே எடுக்கவேயில்லை.

"எல்லா வீட்டுக்கும் ஒரே உயரம்தாங்க."

அக்காவோ குள்ளம். அத்தானுக்கு வந்ததே கோபம்!

"ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறேன், என் பொண்டாட்டிக்கு ரெடிமேடா?"

பட்டறைக்காரர் போனதும் அக்காவை நிற்கவைத்து, தையல் டேப்பால் தரையிலிருந்து உள்ளங்கை வரை அளந்தார். கைப்பிடிக் குழாய் அவள் பிடிக்குள் அடங்க வேண்டுமென்று விரல்களையும் விடவில்லை. அக்கா கூச்சத்தோடு கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள்தான் மெஷின் வந்தது. நைலான் சட்டையில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்று துணி தெரிந்தவருக்குச் சொல்லியா தர வேண்டும்? தடித்த ஜீன்ஸ் துணியில் தனக்கே ஓர் ஏப்ரன் தைத்துக்கொண்டார். வெல்டிங் வெளிச்சம் அக்காவின் கண்ணைக் கெடுத்துவிடாமல் ஜன்னலுக்குக் கறுப்புத் திரையும் தைத்து மாட்டினார். ஆனால் மூஞ்சியில் முகமூடியை மாட்டிக்கொண்டு வெல்டிங் ராடை இரும்பில் வைத்தால், அது ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"என்ன அத்தான், ரெண்டு பேரும் பிரிய மாட்டேங்குதுங்களா?" என்றேன் மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து.

"சிரி, சிரி. கை பழகட்டும், அப்புறம் பேசு."

துண்டு இரும்புகளில் பழகிப் பழகி ஒருவழியாகக் கை வசப்பட்டது. கைப்பிடியைத் தாங்கும் கால் கம்பியைக் குழாயோடு சேர்த்து வைத்து, ஒரு பக்கம் முழுக்க ஒரே இழுப்பாக வெல்டு அடித்துவிட்டு, பெருமையாக முகமூடியைத் தூக்கிப் பார்த்தார். இரும்பு ஆறஆற அந்தப் பக்கம் சுருங்கி இழுக்க, நேராக நின்ற கால் கண்ணெதிரே சாய்ந்துகொண்டது. மறு காலும் அதே கதை. மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கேலி பேச மனசு வரவில்லை.

சத்தம் நின்றதும் அக்கா திரையை விலக்கிப் பார்த்தாள்.

"துணின்னா முதல்ல அங்கங்க ஓட்டுத்தையல் போட்டுப் பாத்துட்டுத்தானே மெஷின்ல விடுவீங்க?" என்றாள் மெதுவாக. "இழுத்துக்கும்னு நீங்கதானே சொல்வீங்க?"

அத்தான் சட்டென்று எழுந்தார். பிறகு வெல்டை அறுத்தெடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை மூலைக்கு மூலை பொட்டு வைத்தாற்போல வெல்டு. கோணம் பார்த்து, அதன்பின் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். கால் நேராக நின்றது.

படியில் போல்ட் போட்டு இறுக்கியதும் அவரும் நானும் கைப்பிடியில் தொங்கியே பார்த்துவிட்டோம். அசையவில்லை. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் திரும்பியதும் அவர் அக்காவை அழைத்து வந்தார். அவள் கைப்பிடியைப் பற்றினாள். கை அதன்மேல் அப்படியே அமர்ந்தது. ஆனாலும் கால் நகரவில்லை. அத்தான் கீழே போய், அவள் விழுந்தால் பிடிக்க இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

அக்கா ஒரு படி இறங்கினாள். நின்றாள். அடுத்த படியும் இறங்கியவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"வழியில இப்படிக் கையை விரிச்சிட்டு நின்னா மனுஷி எப்படி இறங்குறது? அறிவிருக்கா உங்களுக்கு? தள்ளுங்க அந்தாண்ட!"

அத்தான் தள்ளி நின்றார். அவள் முற்றத்துக்கு இறங்கி, செடிகளெல்லாம் வாடிக் கிடக்கின்றன என்று அடுத்த வசவை ஆரம்பித்தாள். இவர் மதிலோரம் ஓடிவந்தார்.

"திட்டிட்டா, கேட்டியா?" என்றார் என்னிடம்.

தைத்த துணியை வாங்கிப்போக வந்தவர்களிடமெல்லாம் அன்று முழுக்க இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.