ஓடிப்போய் படி, வந்து சொல்

இன்று ஆந்திராவில், நாகலாபுரம் பக்கத்துப் பள்ளியில் என் தமிழ் வகுப்பு. தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் எல்லை பிரித்த கதையை ஒரு பத்தியாக எழுதி வராந்தா சுவரில் ஒட்டினேன். ஒருத்தி ஓடிப்போய் படித்துவந்து சொல்ல, கூட்டாளி எழுத வேண்டும்.

ஒரே கூச்சல். அந்த நேரம் பார்த்து கல்வி அதிகாரி ஒருவர் நுழைந்தார். பிள்ளைகள் குறைவு என்று தமிழ்ப் பிரிவையே மூடும் பேச்சு வேறு.

"ஏம்மா, இது க்ளாஸா சந்தையா?"

நேற்றுவரை வகுப்பில் ஒரு வரிகூட எழுதாத கவிதாவின் நோட்டை எடுத்தார். சுவரில் இருந்தது, "எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது." அவள் எழுதியிருந்தது, "எங்க ஊரு அங்கயே நின்னுக்கினு இருந்துச்சு."

"யாரு இப்டி சொன்னது?"

"அவ பாதிதான் சொன்னா சார். மீதிய நானே எழுதிக்கினேன்."

அவர் சிரிக்கவில்லை. டைரியில் ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் குறிப்பை யாராவது பார்த்தால் ஓடிவந்து சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.