பியூஸை மடியில் கட்டிக்கொண்ட தனம் அக்கா

"தனம் அக்கா போய்ட்டாங்கடா" என்று ரவி போனில் சொன்னபோது என் பட்டறையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. காதில் சரியாக விழவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன். காலையில் மூச்சுத்திணறல் வந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

செம்பாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் கூடியிருந்தவர்களில் ஒருவர், "சாதுவான பொம்பள. யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல" என்றார். இறந்தவர்களைப் பற்றி வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் ராஜகீழ்ப்பாக்கம் மரவாடியில் அவரோடு வேலை பார்த்த நமக்கு அது பொய் என்று தெரியும். அந்தப் பொய்யோடு அவரை வழியனுப்ப எனக்கு மனமில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தாம்பரத்தைச் சுற்றி வயல்களெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்தன. கதவுக்கும் சன்னலுக்கும் நம் வாடியில் ஓயாமல் மரம் அறுபட்டது. ரவி ரம்ப மேஜைக்கு முன்னால் நின்று பலகையைத் தள்ளுவான். அறுபட்டு வரும் முனையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து அடுக்குவது தனம் அக்காவின் வேலை. நான் பக்கத்தில் இழைப்புளியோடு நிற்பேன். கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்து செம்பாக்கத்துக்கு வாக்கப்பட்டு வந்தவர் அவர். கடற்கரையில் பழகிய குரல். ரம்பச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

சேலையை இழுத்துச் செருகி, மேலே புருஷனின் சட்டையைப் போட்டு, கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுத்தான் மேஜையருகே வருவார். வளையல்களைக் கழற்றிச் சன்னலில் வைத்துவிடுவார். சுமங்கலி வெறுங்கையோடு நிற்கலாமா என்று எதிர்வீட்டு அம்மாள் ஒருமுறை கேட்டுவிட்டார். அக்கா சொன்ன பதில் பல நாள் வாடியில் உலவியது: "வளையல் மாட்டிக்கினா கை போவும். கயட்டி வெச்சா புருஷனுக்கு ஆவாதாம். அந்தாளு தாங்குவாரு, கை தாங்காது."

ரம்பப் பல்லுக்கு மேலே முதலில் ஓர் இரும்பு மூடி இருந்தது. பெரிய மரம் வந்தால் இடிக்கிறது, வேலை தாமதமாகிறது என்று முதலாளி அதைக் கழற்றச் சொன்னார். மூடி கொல்லையில் மழையில் கிடந்தது. அவரைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா விடமாட்டார்.

"மூடிய போடு சார். அதுக்குப் பல்லு கீது, கண்ணு கீதா?"

"இத்தினி நாளா எவன் கை போச்சு தனம்?" என்று முதலாளி சிரிப்பார்.

ஒரு கோடைக்கால முற்பகலில் கரண்ட் போனது. பாதி அறுபட்ட பலகை பிளேடில் இறுகி நின்றுவிட்டது. "மெயின ஆப் பண்ணுடா!" என்று அக்கா கத்தினார். "இதோ எடுத்துட்டேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே ரவி பலகையை அசைத்து, இடுக்கில் சிக்கிய மரச்சிம்பைத் தட்டிவிட விரலை நீட்டினான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்துவிட்டது.

வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அவன் அலறலைக் கேட்டு நாமெல்லாம் அவனிடம் ஓடினோம். அக்கா மட்டும் மெயின் சுவிட்சுக்கு ஓடினார். பிளேடு நின்றபின்தான் ரவியிடம் வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவன் கையை இறுக்கிக் கட்டினார். மேஸ்திரி அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஆட்டோ தெருமுனை திரும்பியிருக்காது. "மேஜைய கழுவுங்கடா. சாயங்காலம் லோடு போயாவணும். சேகர், நீ ரவி எடத்துல நில்லு" என்றார் முதலாளி, கடைசியில் என்னைப் பார்த்து.

அக்கா நேராகச் சுவிட்ச் போர்டுக்குப் போய் பியூஸ்களைப் பிடுங்கினார். அவற்றை மடியில் போட்டுக் கட்டிக்கொண்டு, கழுவாத அந்த மேஜையின் மேலேயே ஏறி உட்கார்ந்தார்.

"இன்னா தனம் இது? குடு அத."

"மூடிய போடு, தரேன்."

"அவன் அவசரப்பட்டான். அதுக்கு மிஷின் இன்னா பண்ணும்?"

"லோடு லோடுன்னு காலைலேர்ந்து கத்திகினு இருந்தது அவனா? கரண்டு வந்தா தானா ஓடுற சுவிட்ச்ச வெச்சது அவனா? மூடி இருந்தா அவன் வெரலு அங்க போயிருக்குமா?"

"நாளைலேர்ந்து வேலைக்கு வராத."

"நாளைக்கு வரல. இன்னிக்கு எயுந்திரிக்க மாட்டேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். பியூஸ் இல்லாவிட்டால் என்ன, கம்பி வைத்து நேராகக் கட்டி ஓட்டு என்றார். "மூடி வரட்டும் சார்" என்றேன். இழைப்புளியைக் கீழே வைத்தேன். எனக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். அப்படி வைத்தவர்கள் நீங்கள்தான். மறந்திருக்க மாட்டீர்கள்.

அன்றைக்கு லோடு போகவில்லை. இருட்டுவதற்குள் கொல்லையிலிருந்து மூடி வந்தது. துருவைச் சுரண்டி மாட்டினோம். அக்கா பிளேடைக் கையால் மெல்லச் சுற்றி, எங்கும் உரசவில்லை என்று பார்த்தபிறகே மடியை அவிழ்த்தார். கரண்ட் போய்த் திரும்பினாலும் பட்டனை அழுத்தாமல் ஓடாத ஸ்டார்ட்டர் பிறகு வந்தது. ஆனால் அதைப் பார்க்க அக்கா அங்கே இல்லை. மறுநாளே முதலாளி அவரை உள்ளே விடவில்லை. நாம் எல்லோரும் போய்க் கேட்டும் முதலாளி இறங்கிவரவில்லை. அதில் நாம் தோற்றோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்கா குன்றத்தூர் பக்கம் வேறொரு வாடியில் வேலை கேட்டுப் போனார். வழியில் பார்த்தபோது, "அங்கயும் சண்டையாக்கா?" என்றேன். "சண்ட இல்லடா. மூடி எங்கன்னு கேட்டேன். மொதலாளி மூஞ்சி மாறிச்சு. சரி, இங்கயும் இல்லன்னு தெரிஞ்சிகினேன்" என்றார். அங்கேயும் மாட்ட வைத்த பிறகுதான் வேலைக்குச் சேர்ந்தார். ரவி மூன்று விரல்களோடு அதே மிஷினுக்குத் திரும்பினான். போன வாரம் அக்காவின் பாடையின் முன்கொம்பைத் தோளில் தாங்கியவன் அவன்தான்.

அக்காவின் போட்டோகூட என்னிடம் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது 'மாட்டேன்' என்ற ஒரு சொல். போன மாதம் ஒரு கான்டிராக்டர் என் பட்டறைக்கு வந்தார். மூடியைக் கழற்றினால் வேலை சீக்கிரம் முடியுமே, ஒருநாள்தானே என்றார். அந்தச் சொல்லைச் சொன்னேன். மரத்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார். போகட்டும். சாயங்காலம் வேலை முடிந்து குழாயடியில் கை கழுவும்போது, என் பட்டறையில் எல்லோருக்கும் பத்து விரலும் இருக்கிறது.