மூன்றாவது மகளுக்கு மட்டும் ஒரு புதுக் கவுன்

ஈப்போ நகரத்துப் பெரிய பூங்காவைப் பற்றி யாராவது வாய் நிறையப் பேசினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். மீன் குளம், ஊஞ்சல், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றும் குட்டி ரயில் என்று எல்லாம் இருந்தது உண்மைதான். அங்கே வைத்துத்தான் என் மூன்றாவது மகளை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளப் பார்த்தார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவில், கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் கணவரும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். நாலும் பெண் பிள்ளைகள். கணவரின் அண்ணன் ஈப்போவில் அரசாங்க ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. கார் இருந்தது, பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத அண்ணனுக்குத் தம்பி தன் பிள்ளை ஒன்றை வளர்க்கக் கொடுப்பது எங்கள் சனங்களிடம் அதிசயமே இல்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்தே அப்படி இரண்டு பிள்ளைகள் போயிருக்கிறார்கள். நேராகக் கேட்டிருந்தால் நானும் நேராகவே பதில் சொல்லியிருப்பேன். அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, வாயைத் திறந்து கேட்கவே இல்லை. பள்ளி விடுமுறை வந்தால் போதும், "பிள்ளைங்கள கூட்டிட்டு வாங்க, பார்க்குக்கு போலாம்" என்று சொல்லி அனுப்புவாள்.

முதல் தடவை நாலு பேருக்கும் ஐஸ். இரண்டாம் தடவை நாலு பேருக்கும் பலூன், மூன்றாவதுக்கு மட்டும் கூடவே ஒரு பொம்மை. தலைமுடி எப்படி, பல் வரிசை எப்படி, ராத்திரி பாயை நனைக்குமா என்று விசாரணை வேறு. இதை லயத்தில் வந்து சொன்னபோது பக்கத்து வீட்டு அக்கா பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: "ஆடு வாங்க வர்றவன் பல்ல புடிச்சுப் பாப்பான் பாரு, அப்படி பாக்குறா ஒன் ஓரகத்தி."

பிள்ளையைக் கேட்கப் போகிறார்களா என்று கணவரிடம் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணன் கேட்டா மூஞ்சில அடிச்ச மாதிரி இல்லன்னு சொல்ல முடியுமா? அங்க போனா நல்லா படிப்பா லா. இங்க இருந்து என்ன பண்ணப் போறா, மரத்துப் பால் புடிக்கிற மங்கு தொடைக்கவா?"

"ஒங்கண்ணனுக்கு ஆள் வேணும்னா ஒங்கள வச்சுக்கச் சொல்லுங்க. நல்லா சாப்புடுவீங்க."

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாதி கொடுத்தாயிற்று, மீதி என் தலையாட்டல்தான் பாக்கி.

மூன்றாம் தடவை நாங்கள் ஆறு பேரும் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, அண்ணன் ஓட்டி வந்த காரில் புதுக் கவுன் தயாராக இருந்தது. மஞ்சள் நிறம், இடுப்பில் ரிப்பன். ஒன்றே ஒன்று.

"எங்களுக்கு, பெரியம்மா?" என்றாள் மூத்தவள்.

"ஒங்களுக்கு அடுத்த வாட்டி லா."

மூன்றாவதுக்கு நான் தைத்த பாவாடை சட்டையைக் கழற்றிக் கார் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஓரகத்தி கவுனை மாட்டினாள். அதோடு என் பிள்ளையின் விளையாட்டும் முடிந்தது. புல்லில் உட்காரக் கூடாது, சறுக்கக் கூடாது, அழுக்காகிவிடும். குட்டி ரயிலில் பெரியம்மாவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து ஐந்து வயது மகாராணி வலம் வந்தாள். "எடம் இல்ல" என்று மற்ற மூன்று பேரையும் இறக்கிவிட்டார்கள். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காமாரும் தங்கையும் பார்த்தார்கள். தங்கை மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் கையாட்டினாள்.

ரயிலை விட்டு இறங்கியபோது, ஓரகத்திக்குத் தெரிந்த ஒரு பெண் எதிரே வந்தார்.

"யாரு, ஒங்க பொண்ணா? அழகா இருக்கே!"

"ஆமா லா, எங்க பொண்ணுதான்."

"இவங்க?" என்று என்னைக் காட்டினார் அந்தப் பெண்.

"தோட்டத்துலருந்து வந்திருக்காங்க. பிள்ளைய பாத்துக்க."

நான் கேட்டேன்: "பாத்துக்கறதுக்கு சம்பளம் எவ்ளோ அக்கா? இன்னும் பேசவே இல்லியே?"

அந்தப் பெண் நடையைக் கட்டினார். ஓரகத்தியின் முகம் கறுத்தது.

"வெளையாட்டுக்கு சொன்னா இப்படியா? கத்தாத, இது ஒங்க லயம் இல்ல."

"லயமா இருந்தா இந்நேரம் ஒங்க கொண்டை என் கையில இருக்கும்."

அண்ணன் இதற்குத்தான் காத்திருந்ததுபோல் தம்பி பக்கம் திரும்பினார். "தம்பி, பேச்ச வளக்க வேணாம். பள்ளிக்கூடத்துல சொல்லி வச்சாச்சு. பிள்ளை இன்னிக்கே இங்க இருக்கட்டும். என்ன சொல்ற?"

என் கணவர் குளத்து மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மீன்கள் அவருக்கு என்ன பதில் சொல்லிக்கொடுக்குமோ தெரியவில்லை. நான் அதுவரை காத்திருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கினேன்.

"காரைத் தொறங்க. எம்பிள்ளை சட்டைய எடுக்கணும்."

பின் இருக்கையில் வைத்துக் கவுனைக் கழற்றினேன். கத்தினாள், உதைத்தாள், என் மணிக்கட்டைக் கடித்தாள். "நீ வேணாம், பெரியம்மாதான் வேணும்!"

"பாரு, பிள்ளையே சொல்லுது," என்றாள் ஓரகத்தி.

"இது நேத்து ஐஸ்காரரையும்தான் வேணும்னு சொல்லுச்சு. அங்கயும் அனுப்பவா?"

கவுனை நாலாக மடித்துக் கார் மேல் வைத்தேன். பஸ் நிலையம் வரை பிள்ளையைச் சுமந்துகொண்டே நடந்தேன். மற்ற மூன்றும் என் பின்னால் ஓடிவந்தன. எல்லாருக்கும் கடைசியில் அவர்களுடைய அப்பா.

பஸ்ஸில் அவள் என்னிடம் வரவில்லை. அப்பா மடியில் உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள். அவர் என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "அண்ணன் இனிமே நம்ம வாசப்படிய மிதிக்க மாட்டாரு."

"மிதிக்காட்டி படி சுத்தமா இருக்கும்."

அவர் சொன்னபடியே ஆனது. அண்ணன் வரவே இல்லை. பல வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. அங்கே போயிருந்தால் பிள்ளை நல்ல படிப்புப் படித்திருக்கும் என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். படித்திருக்கலாம். இல்லை என்று நான் சொல்லவில்லை.

அன்றைக்கு வீடு திரும்பியபின் மூன்று நாள் மகள் என்னோடு பேசவில்லை. சோறு ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொண்டாள். மூத்தவள் ஊட்டினால் தின்றாள். பேசாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பேசாமலும் என் வீட்டில்தானே இருந்தாள்.