ஏசிக்கு மூன்று கொட்டேஷன்

நான் பர்ச்சேஸ் ஆபீசர். ஹைதராபாத் நாச்சாரத்தில் ஒரு வால்வு கம்பெனியில், ஒரு பெட்டி போல்ட் வாங்கினாலும் மூன்று கடையில் கொட்டேஷன் கேட்டு, மூன்றையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி, எது லாபம் என்று கீழே கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. செய்து செய்து புத்தியே அப்படி ஆகிவிட்டது. தக்காளி வாங்கப் போனாலும் மூன்று வண்டியில் விலை கேட்காமல் எனக்குக் கை நீளாது. என் மனைவி என்னோடு மார்க்கெட்டுக்கு வருவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

குஷாய்குடாவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஒன்பது வருஷமாக வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர், இங்கே பக்கத்திலிருக்கும் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். கம்பெனியின் தலைமை ஆபீஸும் அங்கேதான். "ஒரு வருஷம் ஹைதராபாத்தைப் பாத்துக்கங்க, அப்பறம் கூப்புட்டுக்கறோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். நான் நம்பினேன். அடுத்த வருஷமும் நம்பினேன். என் பைக் இன்னும் கோயம்புத்தூர் நம்பர் பிளேட்டில்தான் ஓடுகிறது. போலீஸ்காரர் நிறுத்தும்போதெல்லாம் போன மாசம்தான் வந்தோம் என்று புளுகுவேன். டிவி வந்த அட்டைப்பெட்டியைக் கூடத் தூக்கிப் போடவில்லை, திரும்பப் போகும்போது வேண்டுமே என்று. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். நான் அப்படித்தான் ஒன்பது வருஷம் நின்றேன்.

மேல்மாடி என்றால் தலைக்கு மேலே மொட்டை மாடி. மார்ச் பாதியிலேயே தளம் காய ஆரம்பித்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்குச் சுவரில் கை வைத்தால் கை தானாகத் திரும்பி வரும். மெத்தை சுடும், தலையணை சுடும், குழாயைத் திறந்தால் முதல் இரண்டு வாளி காபி போடலாம் போல வரும்.

ஒவ்வொரு வருஷமும் மார்ச் வந்தால் என் மனைவி ஒரே ஒரு தடவை கேட்பாள். "ஏனுங்க, இந்த வருஷம் ஒரு ஏசி போட்டுக்கலாமுங்களா?" அவ்வளவுதான். மறுபடி கேட்க மாட்டாள். உடனே எனக்குக் கால் நிலைகொள்ளாது. ஞாயிற்றுக்கிழமையானால் கடை கடையாக ஏறி இறங்குவேன். ஒரு டன்னா, ஒன்றரை டன்னா, மூன்று ஸ்டாரா, ஐந்து ஸ்டாரா, செப்புக் குழாய் எத்தனை அடி வரை இலவசம், வெளியே மாட்டும் பெட்டிக்கு ஸ்டாண்டு யார் தருவார்கள் என்று விற்கிறவன் கொட்டாவி விடும்வரை கேட்பேன். மூன்று கொட்டேஷன் வாங்கித் தாளில் எழுதுவேன். விலை, மாட்டுகிற கூலி, கரண்ட் பில், சுவரில் ஓட்டை போட்டதை வீடு காலி செய்யும்போது பூசித் தருகிற செலவு. கடைசியில் ஒரு வரி: பயன்படும் காலம், ஒரு கோடை. எல்லாச் செலவையும் ஒன்றால் வகுத்தால் என்ன வரும்? ஒரு கோடைக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் வரும். எவனாவது வாங்குவானா? நான் யோசித்துக்கொண்டே இருப்பேன். ஜூன் முதல் வாரம் மழை பிடித்துக்கொள்ளும். ஃபைலை மூடிவிடுவேன்.

அதற்காகச் சும்மா இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. கூலர் வாங்கினேன். வருஷா வருஷம் அதன் பக்கவாட்டில் தண்ணீர் ஊறுகிற காய்ந்த புல்லை மாற்றினேன். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தேன், அடுத்த மழையில் அது உரிந்து போயிற்று, மறுபடி அடித்தேன். ஜன்னலுக்கு மூங்கில் தட்டி கட்டினேன். இதெல்லாம் சில்லறைச் செலவு, இந்த ஒரு வருஷத்துக்குத்தானே என்று கொட்டேஷன் கூடக் கேட்காமல் செய்தேன். அந்தச் சில்லறையை இன்றுவரை நான் கூட்டிப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

இந்த வருஷம் மகள் பகலில் வீட்டில் தங்குவதை விட்டுவிட்டாள். இன்டர்மீடியட் முதல் வருஷம், நம் ஊர் பிளஸ் ஒன், முடித்திருக்கிறாள், நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வேண்டும். காலையில் தோசையைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளியிருக்கும் தோழி வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே ஏசி இருக்கிறது. முதலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தாள், பிறகு அதுவும் அங்கேயே ஆயிற்று. "வீட்டுல உக்காந்து படி கண்ணு, கூலரை உன் பக்கமே திருப்பி வெக்கறேன்" என்றேன். "நக்கோ பா, அக்கடே சதுவுகுண்டா" என்றாள். வேண்டாம், அங்கேயே படித்துக்கொள்கிறேன் என்கிறாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் உருதோ தெலுங்கோ, வாயில் என்ன வருகிறதோ அதில் பதில் சொல்வாள். கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாமல் கூலர் மேல் ஒரு குத்து விட்டேன். தண்ணீர் சிந்தி, நானே துடைத்தேன்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை அந்த மெயில் வந்தது. தலைமை ஆபீஸில் இடம் காலியாகிறது, ஜூலை முதல் தேதி கோயம்புத்தூரில் சேரலாம், இரண்டு வாரத்துக்குள் சம்மதம் சொல்லவும். ஒன்பது வருஷமாகக் காத்திருந்த மெயில். நியாயமாகப் பார்த்தால் நான் குதித்திருக்க வேண்டும். எழுந்து தண்ணீர் குடித்தேன். ஸ்டோர் வரைக்கும் நடந்து போய் என்னத்துக்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். அங்கே போனால்தான் வாழ்க்கை ஆரம்பிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஆனால் வீட்டில் இதைச் சொன்னால் அவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று அன்றைக்கு என்னால் நினைக்க முடியவில்லை. மனைவி இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெரிய வகுப்புகளை அவளிடம் கொடுத்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டேன். ராத்திரி தூக்கம் இல்லை. வெயிலின் மேல் பழி போட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஃபேக்டரியில் கரண்ட் போய்விட்டது. மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். கோடையில் மனைவிக்கு அரை நாள் பள்ளிக்கூடம்தான், ஆனால் வீட்டுக்கு வந்தால் கதவு சாத்தியிருக்கிறது, ஆளைக் காணோம். கூப்பிட்டேன். "இங்க இருக்கறனுங்க" என்று பாத்ரூமிலிருந்து குரல் வந்தது.

கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு காலையும் வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு தட்டு, தட்டில் பேப்பர் கட்டு. எங்கள் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதானாம். போன வருஷமும் இங்கேதான் உட்கார்ந்து திருத்தினாளாம். எனக்குத் தெரியாது. நான் சாயங்காலம் வருவதற்குள் ஸ்டூலைத் துடைத்து எடுத்து வைத்துவிடுவாள்.

எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவளே ஒரு தாள் கட்டை எடுத்து நீட்டினாள். "உங்க பேப்பரையும் திருத்திப் போட்டனுங்க." என் ஏசி ஃபைல். இந்த வருஷத்துத் தாளையும் சேர்த்து ஒன்பது. ஒன்பதிலும் கடைசி வரியில், பயன்படும் காலம் ஒரு கோடை என்ற இடத்தில், சிவப்பு மையால் ஒரு வட்டம்.

"எத்தன மார்க்?" என்றேன்.

"ஸ்டெப்பெல்லாம் சரிங்க. கூட்டல் கழித்தலும் தப்பில்ல. மொதல்ல எடுத்துக்கிட்டதுதான் தப்பு. ஒம்பது பேப்பர்லயும் அதே தப்பு. என்ற கிளாஸ்ல பசங்க இப்படிப் பண்ணுனா அப்பா அம்மாவைக் கூட்டீட்டு வரச் சொல்லுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வாளிக்குள் அவள் கால் ஊறி வெளுத்துப்போயிருந்தது. "எந்திரி, கடைக்குப் போலாம்" என்றேன். "கொட்டேஷன்?" என்றாள். "மண்ணாங்கட்டி கொட்டேஷன்" என்றேன்.

சாயங்காலம் கடையில் ஒன்றரை டன் ஏசியைக் காட்டி இதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பேரம் கூட இரண்டு வாக்கியத்தோடு முடிந்தது. பில் போடப் போன விற்பனையாளர் திரும்பி நின்று, "சார், ஓன்லி கூலிங்கா, ஹாட் அண்ட் கோல்டா?" என்றார். அதே அளவு, அதே கரண்ட், ஆனால் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கவும் செய்யும், ஏழாயிரம் கூடுதல். ஒன்பது வருஷம் கடை ஏறிய எனக்கு இந்தக் கேள்வி புதிது. எந்த வருஷமும் நான் குளிர்காலத்துக்கு விலை கேட்டதில்லை.

இந்த ஊரில் டிசம்பர், ஜனவரியும் லேசுப்பட்டதில்லை. வெயிலில் கொதிக்கிற அதே மேல்மாடி அப்போது விடியற்காலையில் சில்லிட்டுக் கிடக்கும். அவளுக்கு விரல் மூட்டெல்லாம் வலி எடுத்துக்கொள்ளும். காலையில் முதல் பீரியடில் சாக்பீஸ் பிடிக்கச் சிரமமாக இருக்கிறது என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். நான் தேங்காயெண்ணெய் தேய்க்கச் சொன்னேன்.

விற்பனையாளர் பேனாவோடு நிற்கிறார். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஏசியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிசம்பர்ல நாம இங்க இருப்பமாங்க?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஒன்பது வருஷமாக மார்ச்சில் அவள் கேட்டது ஏசி இல்லை, இதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அவளுக்கு ஒவ்வொரு வருஷமும் ஸ்டாரும் டன்னும் விளக்கிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் ஃபோன். ஃபோனுக்குள் அந்த மெயில். "இருப்போம்" என்றேன். ஹாட் அண்ட் கோல்டுக்கே பில் போடச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. பொய் சொன்னேனா நிஜம் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேர் டிரில் மெஷினோடு வந்தார்கள். சுவரில் ஓட்டை போட அனுமதி கேட்கக் கீழே போனேன். வீட்டுக்காரர், "தொம்மிதேள்ளு சார்!" என்று ஒன்பது விரலை விரித்துக் காட்டினார். நீங்கள் கேட்பீர்கள் கேட்பீர்கள் என்று ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஓட்டைக்குப் பூச்சுக் கூலி தர வேண்டுமா என்றேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எதுக்கு? காலி செய்யப் போறீங்களா?" என்று தெலுங்கில் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு மேலே ஓடி வந்தேன். டிரில் சத்தத்தில் வீடே அதிர்ந்தது. என்னால் உட்கார முடியவில்லை. பால்கனிக்கும் ஹாலுக்கும் நடந்ததைப் பார்த்து, வேலைக்காரர்கள் நான் ஏதோ குறை கண்டுபிடிக்கப் பார்க்கிறேன் என்று பயந்து இரண்டு தடவை ஸ்குரூவை இறுக்கினார்கள்.

மத்தியானம் அவர்கள் போன பிறகு மூன்று பேரும் அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். மகள் தோழி வீட்டுக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் படித்தாள், பிறகு புத்தகத்தை மூஞ்சியில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிப்போனாள். சித்திரை வெயிலில் மத்தியானம் மூன்று மணிக்கு நாங்கள் மூவரும் ஒரே அறையில் இருப்பது இதுதான் முதல் தடவை. குளிர் காற்று வந்தது, எனக்கு வேர்த்தது. ஃபோனை எடுத்து அந்த மெயிலைத் திறந்து மனைவியிடம் கொடுத்தேன்.

நிதானமாகப் படித்தாள். பரீட்சைப் பேப்பரைப் படிப்பதுபோல மேலிருந்து கீழே ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை.

"எப்ப வந்துதுங்க?"

"பத்து நாளாச்சு."

"கடைக்குப் போறதுக்கு முன்னாடியே."

"ம்."

ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். கோபிப்பாள் என்று பார்த்தேன். அழுவாளோ என்றும் பார்த்தேன். மகளின் முகத்திலிருந்து புத்தகத்தை எடுத்து, பக்கம் மாறாமல் ஒரு தாளைச் செருகி வைத்தாள்.

"நீங்க போறதுன்னா போங்க. உங்களுக்கு அங்க போகோணும்னு எத்தன ஆசைன்னு எனக்குத் தெரியுமுங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன். நாங்க ரெண்டு பேரும் இங்கயே இருந்துக்கறோம். டிசம்பர்ல லீவு போட்டு வாங்க. ரூம சூடு பண்ணி வெக்கறேன்."

கேலி செய்கிறாள் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம் பேசுகிற மரியாதை அது. எனக்குப் பயம் வந்தது. இதற்கு முன் அப்படிப் பயந்ததாக ஞாபகம் இல்லை. ஒன்பது வருஷமாக நான் கிளம்பிக்கொண்டே இருந்தேன். இவர்கள் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டார்கள். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்னாலேயே ஆபீஸுக்குப் போய்ப் பதில் எழுத உட்கார்ந்தேன். இடமாற்றம் வேண்டாம் என்று எழுத ஒரு நிமிஷம் ஆயிற்று. காரணம் எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. மகள் படிப்பு என்று எழுதினேன், மனைவி வேலை என்று எழுதினேன், எல்லாம் சாக்குப்போக்காகத் தெரிந்தது. அழித்துவிட்டு, என் குடும்பம் ஹைதராபாத்தில் வசிக்கிறது என்று எழுதினேன். கை பழக்கத்தில் 'தற்போது' என்ற சொல் வாக்கியத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. அதையும் அழித்துவிட்டு அனுப்பினேன்.